கிளாஸ்கோவில் செத்த அப்பப்பா

"எங்கட அப்பப்பா கிளாஸ்கோவில ஒருக்காச் செத்திருக்கிறார், அக்கா."

கல்லறைத் திருநாள். கொழும்பில் பொரளைக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும் டிராமில் எனக்கு முன்னால் அக்காவும் தங்கச்சியும், மடியில் மெழுகுதிரியோடு. வெக்கையில் நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதை மூட முடியவில்லை.

"ஆர் சொன்னது?"

"கப்பலில வேலைக்குப் போன தம்பிதான். அங்க பதிவுக் கந்தோரில தேடிப் பாத்தவனாம். அப்பப்பா அயர்லாந்தில பிறந்து, பிழைக்கவெண்டு கிளாஸ்கோவுக்குப் போய் முதல் பொண்சாதியைக் கட்டினவரெல்லோ. அங்க அவற்ற மூத்த மகளின்ர கலியாணப் பதிவில, தகப்பன் காலமானவர் எண்டு கிடக்காம்."

"அப்ப அவர் இஞ்ச தேயிலைத் தோட்டத்தில துரையா இருந்திருப்பார்."

"ஓம். எங்கட அப்பா அப்ப பிறக்கவும் இல்லை."

அக்கா நெற்றியைத் துடைத்தாள். "முதல் பொண்சாதி செத்துப்போனா எண்டு சொல்லித்தானே அப்பம்மாவைக் கட்டினவர்."

"அங்க விட்டிட்டு வந்த மனிசியும் ஊருக்கு வேற என்னத்தைச் சொல்லுறது? போன மனிசன் ஒரு கடிதமும் போடேல்லையாக்கும்."

டிராம் மருதானையைத் தாண்டியது.

"மெழுகுதிரி எத்தினை கிடக்கு?" என்றாள் அக்கா.

"ரெண்டு. அப்பப்பாவுக்கு ஒண்டு, அப்பம்மாவுக்கு ஒண்டு."

"அப்பப்பாவின்ரதை அந்தக் கிளாஸ்கோ மனிசிக்குக் கொளுத்துவம்."

"அப்ப அப்பப்பாவுக்கு?"

"அவருக்கு அவ அப்பவே கொளுத்தியிருப்பா."