தனக்கென நாற்காலி போட்டுக்கொள்ளாத பிசியோ அக்காவுக்கு

பிஞ்சுக் கால்களுக்கு நடை பழக்கிய பெருந்தகையே! பெற்றவர்களின் பேசாத பாரத்தைப் பக்கத்தில் அமர்ந்து பகிர்ந்துகொண்டவரே! இருபத்தொன்பது ஆண்டுகள் அன்பும் அதட்டலுமாய் இந்த இயன்முறைப் பயிற்சி மையத்தில் வலம்வந்த எங்கள் அக்காவே, வணக்கம்!

நீங்கள் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. சேர்க்கைப் படிவத்தில், சிறப்புக் கவனம் தேவைப்படும் பிள்ளையின் பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு தாய் தன் பெயரையே எழுதிவிட்டார். எழுத்தர் அதை அடித்துத் திருத்தப் பேனாவை எடுத்தார். "அடிக்காதீங்கண்ணே. அதுவும் சரியாத்தான் எழுதியிருக்காங்க" என்றீர்கள். உடைந்த நடைவண்டிகள் அடைத்துக் கிடந்த பக்கத்து அறையை அன்றே காலி செய்து, சன்னலோரம் இரண்டு நாற்காலிகள் போட்டீர்கள். பிள்ளைக்குப் பயிற்சி முடியும்வரை அந்தத் தாய் அங்கே சும்மா உட்கார்ந்திருந்தார். பிள்ளை பிறந்த ஆறு வருடத்தில் அப்படி உட்கார்ந்தது அதுவே முதல் முறை என்றார்.

அந்த அறைக்கு நீங்கள் வைத்த சட்டம் ஒன்றுதான்: யாரும் யாருக்கும் அறிவுரை சொல்லக் கூடாது. அங்கே எத்தனை மௌனங்கள், அக்கா! லாரி ஓட்டும் ஒரு தந்தை வாராவாரம் வந்து குறட்டை விட்டுத் தூங்குவார். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் சிரிப்பார்கள். எழுப்பப் போனவரை, "விடுங்க, அவருக்கு அதுதான் பிசியோ" என்று தடுத்தீர்கள். இன்று நினைத்தாலும் அந்தக் குறட்டை இனிக்கிறது.

ஆனால் அந்த அறையில் உங்களை ஒருநாளும் அமர்ந்து பார்த்ததில்லை. மையத்தில் வேலை முடிந்ததும் வீட்டுக்கு ஓடுவீர்கள். அங்கே, சக்கர நாற்காலியில் உங்கள் தங்கை.

போன வாரம், பணி ஓய்வுக்குப் பின் என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டோம். "என்ன செய்ய, இருபத்து நாலு மணி நேரமும் தங்கச்சிகூடத்தான். அவளுக்கு வேற யாரு இருக்கா?" என்றீர்கள். இத்தனை தாய்மாரைக் காத்தவர் இப்படித் தேய்ந்துபோவதா என்ற பயம் எங்களுக்கு அடங்கவில்லை.

மன்னியுங்கள். நீங்கள் மருந்துக்கடைக்குப் போயிருந்த நேரம், எங்களில் இருவர் உங்கள் வீட்டுக்குச் சென்றோம். வாரத்தில் மூன்று காலைகள் இங்கே வந்து இருக்கச் சம்மதமா என்று தங்கையிடமே கேட்டோம். ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்கு நேரம் வேண்டும், காத்திருந்தோம். "அக்கா... எங்கயாவது... போகட்டும். எனக்கும்... அவகிட்ட இருந்து... லீவு வேணும்" என்றார். பிறகு நெடுநேரம் சிரித்தார். உங்களைத் தவிர யாரும் கேட்காத சிரிப்பு என்பீர்களே, அது எங்களுக்கும் கிடைத்தது.

ஆகவே திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவரை அழைத்துவர வண்டி வரும். நீங்கள் மறுக்க இடமில்லை, முடிவு அவருடையது.

நோயின்றி, நிறைவோடு நெடுங்காலம் வாழ்க! அந்த மூன்று காலைகளில் என்ன செய்தீர்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்க மாட்டோம்.

உங்களிடம் சும்மா இருக்கக் கற்றுக்கொண்ட
மையப் பணியாளர்கள்