இடதுபக்கக் கதவு

ஆடலூரில் காப்பி மூட்டை அடுக்கும் கிட்டங்கியில் அன்று கணப்பைச் சுற்றி இருந்தவர்கள் நால்வர். திருமலைச்சாமி, அவர் மனைவி வீரம்மாள், மைத்துனர் தண்டாயுதபாணி, பிக்கப் டிரைவர் மலையன். கதை சொன்னவர் திருமலைச்சாமி. நடந்தது அவருடைய பெரியப்பா சேனாதிபதிக்கு. வீட்டுச் சங்கதி வீட்டார் வாயால் வருவதுதான் மரியாதை என்று நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு ஆரம்பித்தார்.

ஐம்பத்தெட்டாம் வருஷம். ஐப்பசி அடைமழை. ராத்திரி ஒரு மணி. அய்யம்பாளையம் இறங்குகிற பாதையில் ஈ காக்கை கிடையாது...

சேனாதிபதியின் தங்கை தமயந்தி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவளுக்கு வலி கண்டுவிட்டது. மருத்துவச்சி செல்லாயி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெளியே வந்தாள்.

"புள்ள குறுக்க கெடக்குங்க. வெரசா கீழ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்."

வாசலில் இரண்டு வண்டிகள். ஒன்று, சீமைக்குத் திரும்பிய எஸ்டேட் துரையிடம் சேனாதிபதி ஆசையாக வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. துணிக் கூரை. பறக்கும். ஆனால் உட்கார்ந்தால் தரை கைக்கு எட்டும். மற்றது, காப்பி மூட்டை ஏற்றுகிற புது பிக்கப். முரடு, நல்ல உயரம். இதே மலையன்தான், அப்போது இளவட்டம், அதற்குள் அதில் வைக்கோல் பரப்பி ஜமக்காளம் விரித்திருந்தான்.

"அய்யா, உங்க காரு குதிரைங்க. இது எருமை. ஆனா இன்னைக்கு பாதைக்குக் குறுக்க ஓடையில தண்ணி போகுதுங்களே..."

"ஏலே, மூட்டை ஏத்துற வண்டியில என் வீட்டுப் பொண்ணு படுத்துக்கிட்டுப் போறதா? சம்பந்தி வீட்டுல என்ன பேசுவாக? நீ பின்னால கூட வரப்படாது."

"எதுல போனா என்னண்ணே... செல்லாயி கூட வரட்டும்," என்றாள் தமயந்தி.

காரில் செல்லாயிக்கு இடமில்லை.

கொண்டை ஊசி வளைவுகளைப் பாதி நேரத்தில் கடந்தார் சேனாதிபதி. அந்த வேகத்தில் அவருக்கு ஒரு பெருமைகூட வந்தது. பிறகு ஓடை... முழங்கால் அளவுத் தண்ணீர்தான். நடுவில் இன்ஜின் ஒருமுறை விக்கியது. நின்றது.

பெட்ரோல் வாடை. நனைந்த தோல் இருக்கையின் வாடை. இறங்கித் தள்ளினார். அசையவில்லை. உள்ளே வளைகாப்பு வளையல்கள் இடதுபக்கக் கதவில் மோதின. கிளிங்... கிளிங்... அப்புறம் தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

சொல்லை மீற மலையனுக்கு விடியும்வரை துணிவு வரவில்லை. செல்லாயியை ஏற்றிக்கொண்டு அவன் வந்தபோது, சேனாதிபதி தங்கையைத் தம் கையாலேயே தூக்கி அந்த ஜமக்காளத்தில் கிடத்தினார். ஆஸ்பத்திரிக்கு இனி வேலை இல்லை. பிக்கப் சர்வசாதாரணமாக ஓடையைத் தாண்டி வீடு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு, காலி பிக்கப் ராத்திரியில் அந்த ஓடையைக் கடந்தால்... பின்பக்கம் மெல்லத் தாழும். ஸ்பிரிங் பட்டை முனகும். வளையல் சத்தம் வரும். சற்றுப் பொறுத்து இன்னொரு தடவை தாழும். ரொம்பக் கொஞ்சமாக... ஒரு பூசணிக்காயை வைத்தாற்போல.

மலையன் நெருப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். வீரம்மாள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"வளையல் சத்தம் அந்தச் சிவப்புக் கார்லதான் கேக்குதுன்னு கீழ பேசிக்கிறாங்களே, மாமா?" என்றார் தண்டாயுதபாணி.

"தப்பு," என்றார் திருமலைச்சாமி. "நாலு ஐப்பசி, பெரியப்பா அந்தக் காரை ஓடைக்கரையில நிறுத்தி, இடதுபக்கக் கதவைத் திறந்து வச்சுக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தாக. அதுல அவ ஒரு நாளும் ஏறல."