ஏட்டையாவின் டீயைப் பறித்த வழக்கு

பெயர் அற்புதமேரி. கணவர் பெயர் ஸ்டானிஸ்லாஸ். வயது இருபத்தேழு. தொழில் தையல். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் குடியிருப்பு. 1953-ஆம் வருஷம் ஜூன் மாதம், என்மேல் உள்ள வழக்கு இன்னதென்று வாசித்துக் காட்டி, சொல்வது எனக்கு எதிராகவும் போகலாம் என்று எச்சரித்த பிறகு, மாஜிஸ்திரேட் ஐயா முன்னிலையில் நானாகச் சொல்லிய வாக்குமூலம்.

நான் மேற்படி விலாசத்தில் என் கணவருடன் வசித்து வருகிறேன். என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். சைக்கிள் பந்தயத்தில் ஓடுகிறவர். இந்த விவரத்தை ஸ்டேஷனில் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் என் கையிலிருந்த பாட்டில் வரை எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிட்டார்கள். ஆகையால் இப்போது முதலிலிருந்து சொல்லுகிறேன்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பந்தயம் நடந்தது. ராயபுரத்தில் புறப்பட்டு எண்ணூர் போய்த் திரும்புவது ஒரு சுற்று, அப்படி நான்கு சுற்று. ஜெயிக்கிறவரை மாகாணத்தின் சார்பில் டில்லிக்கு அனுப்புவதாகச் சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தின வருஷம் இதே பந்தயத்தில் என் கணவர், வயிறு காலியாக இருந்தால்தான் உடம்பு லேசாக இருக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு ஒன்றும் சாப்பிடாமல் ஓடி, மூன்றாவது சுற்றில் கால் வராமல் இறங்கி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். அதன் பிறகு அவருடைய சைக்கிள் கிளப்பில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர், அவ்வளவு நேரம் மிதிக்கும்போது உடம்பிலுள்ள சர்க்கரை எரிந்து தீர்ந்துபோகும், தீருவதற்கு முன்னால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்று சொன்னார். அதன்படி பேரீச்சம்பழம் கொடுத்துப் பார்த்தோம். மூச்சு வாங்கும்போது மெல்ல முடியாமல் தொண்டையில் சிக்கியது. அதன் பிறகு வெல்லத்தைக் கெட்டியாகக் கரைத்துக் கொடுத்ததில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அதன் பிறகு மருந்துக்கடை குளுக்கோஸ் பொடியும் கொஞ்சம் வெல்லமும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு, எலுமிச்சை பிழிந்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்து கொடுத்தேன். அது உடம்பில் நின்றது. பழகும்போது நான்கு சுற்றும் தளராமல் ஓடினார்.

பாட்டில் விஷயம் கேட்டதால் சொல்லுகிறேன். அது பிராந்தி பாட்டில்தான். கப்பல்காரர்கள் குடித்துவிட்டுப் போட்ட தட்டையான பாட்டில். என் கணவரின் தோஸ்தும் வண்ணாரப்பேட்டையில் சைக்கிள் கடை வைத்திருப்பவருமான மஜீது கொண்டுவந்து கொடுத்தார். சோடா பாட்டில் உருண்டையாக இருப்பதால் முதுகுப் பையில் நிற்காது. இந்தப் பாட்டில் அளவுக்குத்தான் சட்டையில் பை தைத்தேன். சுடுதண்ணீரில் பலமுறை கழுவிய பாட்டில் அது.

பந்தயத்தன்று நான் திருவொற்றியூர் தேரடி அருகே பாட்டிலோடும் கூஜாவோடும் நின்றேன். என் கணவர் எண்ணூருக்குப் போகும்போது பாட்டிலை வாங்கிக்கொள்வதும், திரும்பும்போது காலிப் பாட்டிலை என்னிடம் வீசுவதும், நான் கூஜாவிலிருந்து நிரப்பி வைப்பதும் ஏற்பாடு. முதல் சுற்றிலும் இரண்டாவது சுற்றிலும் அப்படியே நடந்தது. இரண்டாவது சுற்றில் திரும்பும்போது அவர்தான் முதலில் வந்தார். அடுத்தவர் கண்ணுக்கே தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார்.

நான் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருக்கும்போது மதுவிலக்கு டியூட்டியில் இருந்த ஏட்டையாவும் ஒரு கான்ஸ்டபிளும் வந்தார்கள். ஏட்டையா பாட்டிலைப் பிடுங்கி, "இன்னா சரக்கு இது?" என்று கேட்டார். "சர்க்கரத் தண்ணிங்க. பந்தயத்துல ஓட்றவருக்கு. மோந்து பாருங்க" என்றேன். மோந்து பார்த்துவிட்டு, சாராயத்தையும் வெல்லம் போட்டுத்தான் காய்ச்சுவார்கள், எனக்குத் தெரியாதா என்றார். ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொன்னேன். "நான் குடிச்சா என் மேலயே கேஸு ஆவும். நல்லா யோசன சொல்ற" என்றார். அப்படியானால் நானே குடித்துக் காட்டுகிறேன் என்று கையை நீட்டினேன். சாட்சியை அழிக்கப் பார்க்கிறாயா என்று கேட்டுப் பாட்டிலைப் பைக்குள் வைத்துக்கொண்டார். அதன் பிறகு கான்ஸ்டபிள் கூஜாவிலிருந்ததைத் தரையில் கொட்டினார். கொட்டிய இடத்தில் சற்று நேரத்தில் எறும்பு மொய்த்தது. சாராயத்துக்கு இப்படி எறும்பு வருமா என்று காட்டினேன். "எறும்பக் கோர்ட்டுக்கு இட்டுக்கினு வா" என்றார்கள். கூட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

அதன் பிறகு என் கணவர் மூன்றாவது சுற்றுக்கு வந்தார். வழக்கம்போல் இடது கையை நீட்டிக்கொண்டு வந்தார். என் கையில் ஒன்றும் இல்லை. "பிடுங்கிக்கினாங்க" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதா என்று தெரியாது. நீட்டிய கையைக் கொஞ்ச தூரம் மடக்காமலே போனார். எதிரே டீக்கடையில் சர்க்கரையாவது வாங்கி வருகிறேன் என்று ஏட்டையாவிடம் கேட்டேன். ஜட்கா கிடைத்து ஸ்டேஷனுக்குப் போகும் வரை நின்ற இடத்தை விட்டு நகரக் கூடாது என்றார். கூட்டத்தில் யாராவது வாங்கித் தாருங்கள் என்று கேட்டேன். போலீஸ் சமாச்சாரம் என்று யாரும் வரவில்லை. அவர் திரும்பி வந்தபோது இரண்டு பேர் அவரைத் தாண்டியிருந்தார்கள். நான் கூப்பிட்டதற்கு அவர் தலையைத் திருப்பவில்லை.

நான்காவது சுற்றில் அவர் சைக்கிள் ரோட்டின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக வந்தது. தேரடிக்குச் சற்று முன்னால் உப்பு மூட்டை ஏற்றிய கட்டை வண்டியில் மோதி விழுந்தார். நான் ஓடினேன். இந்த முறை என்னை யாரும் தடுக்கவில்லை, அவர்களும் கூடவே ஓடி வந்தார்கள். என் கணவருக்குச் சட்டை பிழிகிற அளவு வேர்த்திருந்தது, ஆனால் கை சில்லென்று இருந்தது. நாக்கு குழறியது. தூக்கப்போன கான்ஸ்டபிளைக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. நான் முகத்தைத் துடைத்தபோது, "நீ யாரும்மா?" என்று என்னைக் கேட்டார். ஏட்டையா கூட்டத்தைப் பார்த்து, "பாத்துக்கினீங்களா? நிக்க முடியல, பொண்டாட்டியத் தெரியல. இதுக்கு மேல இன்னா சாட்சி வோணும்?" என்றார்.

அதன் பிறகு எங்கள் இரண்டு பேரையும் ஜட்காவில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். என் கணவரைச் சுவரோரம் உட்காரவைத்தார்கள். உட்கார முடியாமல் சாய்ந்துவிட்டார். போதையில் இருப்பதாக எழுதினார்கள். அவர் குடிக்கிறவர் இல்லை என்று சொன்னேன். இங்கே வருகிற எல்லாப் பெண்டாட்டியும் அதைத்தான் சொல்லுகிறாள் என்று ரைட்டர் சொன்னார். வாயை ஊதச் சொல்லி மோந்து பாருங்கள் என்றேன். டாக்டர் வந்து பார்ப்பார் என்றார்கள். சர்க்கரை கொடுங்கள், ஒரு கைப்பிடி கொடுத்தால் போதும் என்று கேட்டேன். இது ஸ்டேஷனா மளிகைக் கடையா என்றார்கள். அதற்குள் அவர் கண் மேலே சொருகத் தொடங்கியது, கை தானாக இழுத்தது.

அந்தச் சமயம் டீக்கடைக்காரர் டீ கொண்டுவந்து மேஜையில் வைத்தார். நான் எழுந்து போய் ஏட்டையா கையில் எடுத்திருந்த கிளாஸைப் பறித்தேன். என் கணவரின் தலையை மடியில் வைத்து, கன்னத்தின் உட்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். பாதி வெளியே வழிந்தது. அதனால் ரைட்டருடைய கிளாஸையும் எடுத்து ஊற்றினேன். புகாரில் ஒரு கிளாஸ் என்று எழுதியிருக்கிறது, அது தவறு. நான் எடுத்தது இரண்டு. ஏட்டையா என் தோளைப் பிடித்து இழுத்தார், நான் விடவில்லை. அவர் சட்டையில் டீ கொட்டியது அப்போதுதான். கை ஓங்கினேன் என்று எழுதியிருப்பது பொய். என் இரண்டு கையிலும் வேலை இருந்தது.

அதன் பிறகு கொஞ்ச நேரத்தில் வேர்வை அடங்கியது. கை இழுப்பு நின்றது. டீக்கடைக்காரர் தானாகவே ஓடிப்போய்க் கடையிலிருந்து ஒரு பொட்டலம் சர்க்கரை கொண்டுவந்தார். அதையும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தேன். என் கணவர் எழுந்து உட்கார்ந்து, சுற்றிலும் பார்த்துவிட்டு, தெளிவான குரலில், "இன்னாடி அற்புதம், பாட்டில் குடுக்காம வேடிக்கை பாத்துக்கினு நின்னுட்ட?" என்று கேட்டார். கட்டை வண்டியில் மோதியதோ, திட்டியதோ, ஜட்காவில் வந்ததோ அவருக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை. குடித்தவனுக்கு இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெளியும் என்று கேட்டேன். டீ குடித்தால் தெளியும் என்று எழுதிக்கொண்டார்கள்.

சாயங்காலம் வந்த டாக்டர், சர்க்கரை தீர்ந்துபோனால் காலுக்கு மட்டும் அல்ல, மூளைக்கும் ஒன்றும் கிடைக்காது, அப்போது மனிதன் குடித்தவன் போலவே நடப்பான், கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து என்று சொன்னார். ஏட்டையாவும் அங்கேதான் நின்றார். போன வாரம் பாட்டிலைப் பரிசோதித்த முடிவு வந்து, அதில் மது இல்லை என்று தெரிந்து, என் கணவர் மேலும் என்மேலும் இருந்த மதுவிலக்கு வழக்கைத் தள்ளிவிட்டார்கள். டில்லிக்கு வேறு ஒருவர் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் நன்றாக ஓடினார்.

இப்போது மீதியிருப்பது அரசாங்க ஊழியரை வேலை செய்ய விடாமல் தடுத்தேன் என்று என்மேல் போட்ட வழக்கு மட்டும்தான். எந்த வேலையைத் தடுத்தேன் என்று கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறார்கள். டீ குடிக்கிற வேலையைத்தான் தடுத்தேன். வீட்டில் போலீஸ் வழக்கு இருக்கும் வரை கிரேனில் ஏற்ற மாட்டோம் என்று என் கணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். குடித்தார் என்றபோதும் வேலை இல்லை, குடிக்கவில்லை என்றபோதும் வேலை இல்லை. யாரிடம் போய்ச் சொல்லுவது என்று எனக்குத் தெரியவில்லை. மஜீது தன் கடையில் பஞ்சர் ஒட்ட அவரைக் கூட்டிக்கொண்டு போகிறார்.

ஏட்டையாவின் டீயைப் பறித்ததற்கு வருத்தப்படுகிறாயா என்று ஐயா கேட்டீர்கள். வருத்தப்பட்டதாகச் சொன்னால் அபராதத்தோடு போகும் என்று வக்கீலும் வெளியே சொன்னார். எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. அந்த டீயில் சர்க்கரை ரொம்பக் குறைவாகப் போட்டிருந்தார்கள்.

இதில் எழுதியது முழுவதும் நான் சொன்னதே. வாசித்துக் காட்டக் கேட்டேன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடைசி வரியை அடித்துவிடலாமா என்று எழுதியவர் கேட்டார். வேண்டாம் என்றேன்.

(கையொப்பம்)
ஸ்டா. அற்புதமேரி