கிழக்கு வேலிப் பக்கம் தண்ணீர் வேண்டாம்

தூசி அடங்கத் தண்ணீர் தெளிப்பது பார்க்கிறவர்களுக்குச் சுலபமான வேலையாகத் தெரியும். அப்படி இல்லை, மேடம். கூடினால் சேறாகி லாரி வழுக்கும். குறைந்தால் தெருவே மூக்கைப் பொத்தும். வெயில், காற்று, மண்ணின் ஈரம் எல்லாம் பார்த்துத்தான் அளவு சொல்ல வேண்டும். அந்த அளவில் நான் ஒருநாளும் தவறியதில்லை. நீங்கள் கேட்டபடி இன்று முதலிலிருந்து கோர்வையாகச் சொல்கிறேன், ஆனால் "அளவு தெரியாம பண்ணிட்டார்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கோபம் வரும்.

முந்நூறு வீடுகள் கட்டுவதற்காக நிலத்தை வெட்டிச் சமப்படுத்துகிற இடம் அது. மண்மேட்டுக்குத் தார்ப்பாய் போட்டிருக்கிறதா, வெளியே போகிற லாரியின் சக்கரத்தைக் கழுவினார்களா, வேலி வலை கிழியாமல் இருக்கிறதா என்று நாள் முழுக்கப் பார்ப்பதுதான் என் வேலை. கம்பத்தில் ஒரு கருவி உண்டு. காற்றில் எவ்வளவு தூசி என்று எண் காட்டும், மீறினால் மணியடிக்கும். எல்லோரும் என்னைத் 'தூசி சார்' என்பார்கள். நான் போனால் பேச்சு நின்றுவிடும். மத்தியானம் என் பெஞ்சில் யாரும் உட்கார மாட்டார்கள். குறை சொல்லிக்கொண்டே திரிகிறவன் பக்கத்தில் யார் சாப்பிடுவார்கள், சொல்லுங்கள். வீட்டிலும் அதே கதைதான். மனைவி இறந்து ஆறு வருடம். மகன் போன் செய்தால் "சாப்பிட்டீங்களா" என்பான், "ஆச்சுப்பா" என்பேன், அதோடு சரி.

வாசல் போர்டில் 'தூசித் தொல்லை இருந்தால் அழைக்கவும்' என்று என் நம்பரைப் போட்டிருந்தார்கள். மூன்று மாதம் ஒரு ஈ காக்கை கூட அழைக்கவில்லை. நாலாவது மாதம், கிழக்கு வேலியை ஒட்டிய வீட்டிலிருந்து ஓர் அம்மாள் நேரிலேயே வந்தார். நர்ஸுகளுக்கு வெள்ளைக் கோட்டு தைப்பவர், தனியாள். ஒரு கோட்டை என் மேசைமேல் விரித்து விரலால் ஒரு கோடு இழுத்தார். விரல் போன இடம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

"நேத்து தைச்சது தம்பி. இதைப் போட்டுக்கிட்டு ஊசி போட வந்தா யாராவது கையை நீட்டுவாங்களா?"

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார், சிரிப்போடு இருமலும் வந்தது. சின்ன வயதிலிருந்தே இளைப்பு என்றார். புகார் எழுத ஐந்து நிமிடம் போதும், ஒரு மணி நேரம் இருந்தார். தங்கையைப் பற்றி, அடிக்கடி அறுந்துபோகும் மிஷின் பெல்ட்டைப் பற்றியெல்லாம் பேசினார். கிளம்பும்போது என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சட்டை ரெண்டு அளவு பெருசா இருக்கே. மெலிஞ்சிட்டீங்க போல. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

ஆறு வருடத்தில் அதைக் கவனித்தவர் வேறு யாரும் இல்லை.

கடமையைச் செய்தேன். கிழக்குப் பக்கம் நாளுக்கு நாலு தடவை தண்ணீர், வேலிக்குப் புது வலை. தூசி நின்றது. அவர் வருவதும் நின்றது. பதினாறு நாள். வேலியோரமாக நடந்து பார்த்தேன். ஜன்னல் திறந்திருந்தது, மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது. நன்றாக இருக்கிறாரே என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை.

பதினேழாம் நாள் தண்ணீர் லாரி ரிப்பேர். மறுநாள் காலை பத்து மணிக்குக் கோட்டும் கையுமாக வந்து நின்றார்.

லாரி சரியானதும் டிரைவரைக் கூப்பிட்டேன்.

"கிழக்கு வேலிப் பக்கம் இனிமே தண்ணி வேண்டாம். சேறாகுது."

"அங்க பொட்டுத் தண்ணி நின்னு நான் பார்த்ததில்லையே சார்?"

"சொன்னதைச் செய்யுங்க."

கருவியை மேற்குக் கம்பத்துக்கு மாற்றினேன், மணியடித்துத் தொல்லை பண்ணக் கூடாது என்று. கிழக்கு வேலியோர மண்மேட்டுத் தார்ப்பாயில் ஒரே ஒரு கயிற்றை அவிழ்த்தேன். இரண்டு அவிழ்த்தால் அவருக்குத் தாங்காது. சமையலில் உப்புப் போடுகிற மாதிரி பார்த்துப் பார்த்துத்தான் செய்தேன். அவர் வந்துவிட்டுப் போன அன்றைக்கு, இரண்டு நாள் மூச்சு விடட்டும் என்று கயிற்றைக் கட்டிவிடுவேன். அந்த அக்கறை எத்தனை பேருக்கு வரும்?

ஐந்து மாதம் வந்தார். என் சட்டைகளை ஒவ்வொன்றாக வாங்கிப் பக்கவாட்டில் பிடித்துத் தைத்துத் தந்தார். இப்போது போட்டிருப்பதும் அவர் தைத்ததுதான். பிறகு நடக்க முடியவில்லை என்று போன் செய்தார். நானே வீட்டுக்குப் போய்ப் புகார் எழுதினேன். டீ போட்டுத் தருவார். அடுப்படியிலிருந்து வருவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவார். பார்க்க வேதனையாக இருக்கும். அக்கா என்றுதான் கூப்பிட்டேன், அக்காவாகத்தான் நினைத்தேன்.

ஒருநாள் போனபோது கூடத்தில் சூட்கேஸ் இருந்தது.

"தங்கச்சி வந்து கூட்டிட்டுப் போறேங்கறா. இந்தத் தூசியில இருந்தா நுரையீரல் தாங்காதுன்னு டாக்டரும் சொல்லிட்டார். வேலை முடியட்டும், அப்புறம் திரும்பி வரலாம்னு பார்க்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க தம்பி? உங்களுக்குத் தெரியாததா?"

வேலை முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. பையிலிருந்து அந்த வாரத்து அளவுத் தாளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றுகூடப் பொய் எண் இல்லை. எல்லாம் மேற்குக் கம்பத்து எண்கள்.

"தூசி வேலையெல்லாம் முடிஞ்சுபோச்சுக்கா. இனிமே ஜன்னலைத் தாராளமா திறந்து வைங்க."

கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். தங்கைக்குப் போன் போட்டு, "வேண்டாம்டி, தம்பி இருக்கார், பார்த்துக்குவார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. சூட்கேஸிலிருந்த துணிகளைத் திரும்ப அடுக்க உதவினேன். ஜன்னல் இடுக்கில் அவர் ஒட்டியிருந்த டேப்பையும் நானே உரித்தேன்.

நாலாம் நாள் காற்று பலமாக அடித்தது. கயிறு அவிழ்ந்திருந்தது. பத்து மணிக்கு அவரிடமிருந்து போன். பேச்சு இல்லை, மூச்சு இழுக்கிற சத்தம் மட்டும். "இதோ வந்துட்டேன்கா" என்றேன். முதலில் மண்மேட்டுக்குப் போய்க் கயிற்றைக் கட்டினேன், வருகிறவர்கள் பார்த்துவிடக் கூடாதே. முடிச்சுப் போட நேரமாயிற்று. அதற்குப் பிறகுதான் ஆம்புலன்ஸுக்குச் சொன்னேன், அதற்குப் பிறகுதான் போனேன். மிஷின்மேல் தலை சாய்ந்து கிடந்தார். ஊசிக்குக் கீழே என் நீலச் சட்டை இருந்தது.

ஆஸ்பத்திரியில் சாவுக்குக் காரணம் இளைப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தங்கைதான் நம்பாமல் போலீஸில் உங்களிடம் வந்திருக்கிறார். நல்லவர். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை.

முதல் நாள் நீங்கள் இங்கே வந்தபோது டிரைவர்மேல் பழியைப் போட்டேன். இரண்டாம் நாள் கருவியை மாற்றியதைச் சொன்னேன். நேற்றுக் கயிறு. இன்று சூட்கேஸும் போனும். ஏன் இப்படித் தவணை முறையில் சொல்கிறீர்கள் என்று சலித்துக்கொண்டீர்கள். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம், மேடம். சொல்லியிருந்தால் மறுநாள் நீங்கள் வந்திருக்க மாட்டீர்களே.