நாற்பத்தொரு பதிவுகள்

ஐயா, கணினிப் பெட்டியைத் திறப்பதற்கு முன் பிளக்கைக் கழற்றிவிட வேண்டும். பலர் செய்வதில்லை. இருபத்திரண்டு வருடமாக அலுவலகம் அலுவலகமாகப் போய்க் கணினி பழுது பார்க்கிறேன். ஒருமுறைகூட நான் மறந்ததில்லை. நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். வரிசை எனக்கும் பிடிக்கும்.

என் மனைவியின் தங்கைக்குத் தொண்டையில் புற்று. குரல்வளையை முழுவதும் எடுத்துவிட வேண்டும் என்றார் மருத்துவர். அறுவைக்கு ஐந்து வாரம் இருந்தது. அதற்குள் தன் மூன்று வயது மகளுக்காகக் குரலைப் பதிந்துவைக்க அவள் முடிவு செய்தாள். பதிந்தது தொலைந்துவிடக் கூடாது என்று, இருந்த கணினியில் கூடுதலாகப் போட தகவலைச் சேமிக்கும் சாலிட் ஸ்டேட் டிரைவ் இரண்டு வாங்கினார் அவள் கணவர், அதாவது என் சகலை. கல்லூரிப் பேராசிரியர். அவருக்குத் தெரியாத விஷயம் கிடையாது, கேட்காவிட்டாலும் சொல்வார்.

இரண்டு டிரைவைச் சேர்த்து ஒன்றாக ஓடவைப்பதற்கு ரெய்டு என்று பெயர். உங்கள் போலீஸ் துறையில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு என்பது தெரியும். இதில் இரண்டு வகையை மட்டும் சொல்கிறேன். ஒரு வகையில், எதை எழுதினாலும் இரண்டிலும் அதே பிரதி இருக்கும். ஒன்று செத்தால் மற்றது காப்பாற்றும். சகலை கேட்டது இதை. இன்னொரு வகையில், ஒவ்வொரு கோப்பையும் துண்டு துண்டாக்கி இரண்டிலும் மாற்றி மாற்றி எழுதும். வேகம் அதிகம். ஆனால் ஒன்று போனால் மொத்தமும் போச்சு. திரையில் இரண்டும் அடுத்தடுத்த வரியில் இருக்கும்.

நான் அந்தத் திரையில் இருந்தபோது சகலையின் நண்பர் ஒருவர் வந்தார். யார் இவர் என்று கேட்டார்.

"நம்ம வீட்டு ஸ்க்ரூடிரைவர்," என்றார் சகலை. "கூப்பிட்டா ஓடி வந்துடுவாரு. ஒரு டீ குடுத்தா போதும்."

நண்பர் சிரித்தார். நானும் சிரித்தேன். கை மட்டும் ஒரு வரி மேலே போனது.

மச்சினி வாசலில் நின்றிருந்தாள். "அத்தான், ஒண்ணு கெட்டுப்போனாலும் இன்னொண்ணுல இருக்கும்ல?" அப்போதே குரல் கரகரத்தது.

"ரெண்டுலயும் இருக்கும்மா," என்றேன். பொய் இல்லை. பாதி இதில், பாதி அதில்.

நான் எதையும் மறைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனிக்கவும். ஒவ்வொரு டிரைவின் கொள்ளளவும் ஒரு டெராபைட். பிரதி எடுக்கும் வகையாக இருந்தால் திரையில் மொத்தம் ஒரு டெராபைட்தான் காட்டும். இங்கே இரண்டு காட்டியது. விஷயம் தெரிந்தவருக்கு அதுவே போதும். சகலை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். "பரவாயில்லையே, வாங்கின இடம் கொஞ்சமும் வீணாகல," என்று என் முதுகில் தட்டினார். படித்தவர் திருப்திப்படும்போது குறுக்கே பேசக் கூடாது.

அவள் நாற்பத்தொரு பதிவு செய்தாள். முதல் நாள் பள்ளிக்குப் போகும்போது கேட்க ஒன்று. காய்ச்சலுக்கு ஒன்று. கோபித்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டால் ஒன்று. மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது மட்டுமே ஒன்று. அறுவை நல்லபடியாக முடிந்தது. வீடும் அமைதியாகிவிட்டது.

இருபது நாள் கழித்து, ஃபேன் சத்தம் போடுகிறது என்று சகலை கூப்பிட்டார். போனேன். தூசு தட்டினேன். ஒரு டிரைவைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். திருகாணியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். மற்றதை அவர்களுக்கே விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிறவன் இல்லை நான்.

மறுநாள் மறுபடி அழைப்பு, பதிவு எதுவும் திறக்கவில்லை என்று. பார்த்துவிட்டு, ஒன்று செத்துவிட்டது என்றேன்.

"ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கணுமே?"

"இது வேற வகைங்க. நீங்கதான பாத்துட்டு சரின்னீங்க."

அவருக்குப் பேச்சு வராமல் போனதை அன்றுதான் பார்த்தேன். மச்சினி ஒரு தாளில் எழுதிக் காட்டினாள்: 'ஏதாவது வழி இருக்கா அத்தான்?' பார்க்கலாம்மா என்றேன். அந்த நேரத்தில் டிரைவ் என் மேசை இழுப்பறையில் சௌக்கியமாக இருந்தது. திரும்பச் செருகினால் நாற்பத்தொன்றும் பேசும். நான் கல்நெஞ்சன் இல்லை, ஐயா. சகலை மன்னிப்புக் கேட்டால் கொடுத்துவிடுவது என்றுதான் வைத்திருந்தேன்.

ஒன்பதாம் நாள் அவரே வீட்டுக்கு வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சகலை, நான் ஏதாச்சும் தப்பா பேசியிருந்தா மன்னிச்சிடுங்க. புள்ள அம்மா குரல் வேணும்னு அழுவுது. உங்களால முடியும்." பேராசிரியர் அழுதார்.

யோசித்துப் பார்த்தேன். ஏதாச்சும். பேசியிருந்தா. என்ன பேசினார், எந்தக் கிழமை, யார் முன்னால் என்று ஒரு விவரமும் இல்லை. எங்கள் பள்ளியில் விடுப்பு விண்ணப்பத்தை இப்படி எழுதிக் கொடுத்தால் வாத்தியார் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

தெருமுனைவரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்து, டிரைவை என் கணினியில் செருகி அழித்தேன். பழைய டிஸ்க் என்றால் மணிக்கணக்கில் ஆகும். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. நல்ல பொருள்.

பிறகு வேறொரு மெக்கானிக் பெட்டியைத் திறந்து, புதிதாகப் போட்ட இரண்டில் ஒரு டிரைவ்தான் உள்ளே இருக்கிறது என்று சொல்லப்போய், சகலை உங்களிடம் வந்திருக்கிறார். எடுத்தது நான். அழித்தது நான். ஆனால் எதற்காக மன்னிப்பு என்று அவர் ஒரே ஒரு வரி தெளிவாகச் சொல்லியிருந்தால், அந்தக் குழந்தைக்கு இன்று அம்மாவின் குரல் இருந்திருக்கும். அவ்வளவு படித்த மனிதர் சொந்த மகள் விஷயத்தில் ஏன் இத்தனை அலட்சியமாக இருந்தார் என்பதை நீங்கள் அவரிடம்தான் விசாரிக்க வேண்டும்.