இரண்டு கையையும் ஆட்டினேன்

பாளையம்பட்டியில் பஸ் ஏறி நரிக்குடிக்குப் போய்க்கொண்டிருந்தேன். முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் குடும்பத்தோடு ஆலப்புழைக்குச் சுற்றுலா போய் வந்தவர்.

"கால்வாயில படகுல போனா, எதுக்க வர்ற படகுக்கெல்லாம் கையாட்டணுமாம்," என்றார் அவர்.

"தெரியாதவுகளுக்குமாக்கா?"

"ஆமா. ஆட்டாட்டி மரியாத தெரியாதவுகன்னு நெனைப்பாகளாம். நான் ஒருத்தரையும் விடல. கரையில ஒருத்தர் ரெண்டு கையையும் ஆட்டினாரு. நானும் ரெண்டு கையையும் ஆட்டினேன். அவரு கத்தவும், பாசக்காரரா இருக்காரேன்னு நானும் கத்துனேன்."

"அப்புறம்?"

"வீடுகளத் தாண்டும்போது மெதுவாப் போகணுமாம். எங்க வீட்டுக்காரரு படகுக்காரர்ட்ட கெஞ்சிக் கேட்டு ஸ்டீரிங்க வாங்கி, பைபாஸ் ரோட்டுல போற மாதிரி விரட்டிட்டாரு. அலை அடிச்சு, அந்த வீட்டம்மா படியில கழுவி வச்ச பாத்திரம் பூராம் மெதந்து போகுது. மெதுவாப் போங்கன்னுதான் அந்த மனுசன் கையாட்டியிருக்காரு."

இளையவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"திரும்பிப் போயி, ஒவ்வொண்ணாப் பொறுக்கி நானே கழுவிக் குடுத்தேன். வெக்கமாப் போச்சு."

"ஏசுனாகளா?"

"ஏசல. எந்த ஊருன்னுதான் கேட்டாக."

"அருப்புக்கோட்டைன்னு சொன்னீகளா?"

"சொல்லுவனா? மதுரைன்னுட்டேன்."