வெள்ளிக்கிழமை ஆறு மணி சானா

...அதத்தான் நானும் கேக்குறேன், செவ்வாக்கிழமை மத்தியானம் ரெண்டு மணிக்கு எவ போய் சானாவுல, இந்த ஆவிக் குளியல் ரூம்ல, உக்காருவா? அடுப்புல கல்லு கூட சூடேறியிருக்காது. இருபத்திரண்டு வருஷம்மா. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணின்னா இந்த சானா எனக்கு, இந்த ரைலிக்குன்னு இந்தக் கட்டடத்துல முப்பது வீட்டுக்கும் தெரியும். என் புருஷன் செத்த வாரங்கூட நான் என் முறைய விடல. விட்டிருந்தா அவரே திட்டியிருப்பார்.

நீ உக்காரேன். ஏன் துண்டையும் வாளியையும் புடிச்சிக்கிட்டு நிக்கிற? நான் இதோ போயிடுவேன். என் அலமாரியிலேருந்து ஒரு ஜோடி கம்பளிக் காலுறை எடுக்கத்தான் வந்தேன். ஆமா, இது என்னுதுதான். துணி மாத்துற இடத்துல எதுக்கு இத்தாம் பெரிய அலமாரின்னுதானே பாக்குற? அது பெரிய கதை. சுருக்கமா சொல்லிடுறேன்.

நீ அந்த சி படிக்கட்டுப் பக்கம், மூணாவது மாடி வீடுதானே? புதுசு. அதனால போன வசந்தத்துல இங்க நடந்த கூத்து உனக்குத் தெரியாது. தைஸ்தோன்னு ஒருத்தர், பதினாலு வருஷமா நம்ம குடியிருப்புச் சங்கத் தலைவரா இருந்தார். நல்ல மனுஷன். ஆனா எதுக்கெடுத்தாலும் ஒரு அறிவிப்பு ஒட்டுவார். நாய் குலைச்சா அறிவிப்பு. செருப்பு நனைஞ்சிருந்தா அறிவிப்பு. அப்பறம் எல்லைக்கு அந்தப் பக்கத்து நாடு சண்டைய ஆரம்பிச்சுதா, மனுஷனுக்குக் கை சும்மா இருக்கல. நம்ம ஊரு லப்பேன்ரான்டாவுலேருந்து எல்லை அரை மணி நேரந்தான், நான் இல்லேங்கல. நம்ம நிலவறை குண்டு விழுந்தா ஒளியுற இடமாம், சாமான் அடைக்கிற இடமில்லையாம், எழுபத்திரண்டு மணி நேரத்துல காலி பண்ண முடியணுமாம், அதுக்கு ஒரு ஒத்திகையாம். சட்டம் அப்படித்தான் இருக்கு. இருக்கட்டுமே. இந்த நாட்டுல எந்தக் கட்டடத்துல அந்த நிலவறையில சைக்கிளும் பனிச்சறுக்குக் கட்டையும் இல்லாம இருக்கு? என்னுது இந்த அலமாரி ஒண்ணுதான். அலமாரியும் ஒரு தையல் மிஷினும். அப்பறம் என் புருஷனோட மீன் வலைங்க, நாப்பது பாட்டில் ஜாம்... ஒரு ஆளுக்கு இது கூட இருக்கக் கூடாதா?

எம்பேரப் போட்டே ஒரு அறிவிப்பு ஒட்டினார்மா. லிஃப்டுல. கண்ணாடிக்குப் பக்கத்துல. ஏறும்போதும் இறங்கும்போதும் என் மானம் போச்சு.

அந்த நேரம் பாத்து, தலைவர் தேர்தல்ல தைஸ்தோவ எதுத்து நிக்க இந்த யார்க்கோ கிளம்பினான். ஏ படிக்கட்டு, டயர் விக்கிறவன். உங்க சாமான எவனும் தொடமாட்டான்னான். சானா இன்னும் சூடா, இன்னும் அதிக நேரம்னான். துணி காய வைக்கிற ரூம்ல எப்பவும் கூட்டம்னா, அதுக்குக் காரணம் சி படிக்கட்டுக்காரங்கதான்னான். நீ இல்லம்மா, நீ அப்ப இங்க இல்லவே இல்ல, நீ நல்ல பொண்ணாத்தான் தெரியிற. அந்த நிலவறைக் கதவோட ரப்பர மாத்தணும்னு ஒரு இன்ஜினியர் எழுதிக் குடுத்திருந்தார். கதவப் பாக்க இன்ஜினியர் எதுக்கு, எனக்குக் கண்ணு இல்லையான்னு கேட்டான் பாரு, கூட்டத்துல கை தட்டுறாங்க. இந்த ஊர்ல கை தட்டி நான் பாத்ததே இல்ல.

எனக்கு இதெல்லாம் புதுசில்ல. நான் தினம் டிவியில செய்தி பாக்குறவ. ஐரோப்பா பூரா இதே பொழப்பாத்தான் இருக்கு. ஒரு நாட்டுல கவர்மெண்டு காபி ஆறுறதுக்குள்ள கவுந்துடுது. இன்னொரு நாட்டுல மாசக்கணக்கா பேசிப் பேசிக் கவர்மெண்டே அமையல. ஒருத்தன் வேலி கட்டுறேங்கிறான். ஒருத்தன் சண்டையா, அது நம்ம தெருவுல இல்லையேங்கிறான். ஜனங்களும் கோவத்துல அவனுக்கே போட்டுட்டு வந்து, மறுநாள் தலையில கைய வச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. நான் டிவியப் பாத்தே திட்டுவேன். மூளையில்லாத ஜென்மங்களா, கோவம்னா போய் விறகப் பொளங்க, ஓட்டுச்சீட்டுல எதுக்குக் காட்டுறீங்கன்னு.

உனக்குக் குளுருதா? சரி சரி, முடிச்சிடுறேன்.

ஓட்டு எண்ணினா யார்க்கோவுக்குப் பதினஞ்சு, தைஸ்தோவுக்குப் பதினாலு. ஒரே ஓட்டு. அந்த ஒரு ஓட்டு யாருதுன்னு நெனைக்கிற? தைஸ்தோவோடதேதான். தனக்குத் தானே ஓட்டுப் போட்டுக்கறது பண்பில்லன்னு அவர் யார்க்கோவுக்குப் போட்டிருக்கார். அப்பறமா எங்கிட்ட அவரே சொன்னார், சொல்லிட்டுத் தரையப் பாத்தார். இப்படி ஒரு பண்பு உருப்படுமா சொல்லு.

மறுவாரமே யார்க்கோ வேலைய ஆரம்பிச்சிட்டான். சானா நேரப் பட்டியல் ஒரு சில பெரிய மனுஷங்க பிடியில இருக்குதாம், இருபது வருஷமா நல்ல நேரத்தையெல்லாம் அவங்களே வளைச்சுப் போட்டிருக்காங்களாம். நான் நல்லா தலையாட்டினேன். தைஸ்தோவுக்கு சனிக்கிழமை ஆறு மணி, அவரத்தான் சொல்றான்னு நெனச்சேன். அவன் என்னத்தான் சொல்லியிருக்கான்மா. எனக்கு முழங்கால் வலி, என் பென்ஷன்ல ஒரு நல்ல பூட்ஸ் வாங்க முடியல, நான் பெரிய மனுஷியாம். ஒரு கம்பளிக் குல்லாவுல சீட்டு குலுக்கிப் போட்டான். எனக்குச் செவ்வா ரெண்டு மணி. என் வெள்ளிக்கிழமை யாருக்குத் தெரியுமா? அப்ப ஆளே குடியில்லாத வீட்டுக்கு. சி படிக்கட்டு, மூணாவது மாடி.

ஆமாம்மா. உன் வீடுதான். உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. மணி என்ன, ஆறே காலா? இன்னும் முக்கா மணி நேரம் இருக்கே உனக்கு.

அலமாரிக்கு வர்றேன். போன மாசம் நிலவறைய சோதிக்க ஆள் வந்தாங்க. கதவ மூடிக் காட்டுங்கன்னாங்க. மூடல. ரப்பரும் போயிருக்கு, குறுக்க இந்த அலமாரியும் நின்னுச்சு. மூணு நாள்ல எல்லாத்தையும் வெளிய எடுன்னுட்டுப் போயிட்டாங்க. தைஸ்தோ சொன்ன அதே எழுபத்திரண்டு மணி நேரம். யார்க்கோ ரெண்டு ஆள வச்சு இத இழுத்தாந்து இங்க போட்டுட்டான். இந்த ஆவியில ஜாம் பாட்டிலோட லேபிளெல்லாம் உரிஞ்சு வருது, எது எந்தப் பழம்னே தெரியல. அலமாரிக்காகத்தான் அவனுக்கு... சரி, விடு.

என்ன அப்படிப் பாக்குற? சரி, சொல்றேன். யார்கிட்டயும் சொல்லாத. வழுக்குற பனியில கூட்டத்துக்கு வரமுடியாத வயசானவங்க ஒம்போது பேரு, எங்களுக்குப் பதிலா ரைலி ஓட்டுப் போடுவான்னு எனக்குக் கடுதாசி எழுதிக் குடுத்தாங்க. நான் வீடு வீடா ஏலக்காய் பன் கொண்டு போய் வாங்கின கடுதாசி. ஒம்போதும் என்னுது ஒண்ணும் பத்து. பத்தையும் யார்க்கோவுக்குப் போட்டேன். அவன் ஜெயிக்கணும்னு இல்லம்மா, சத்தியமா இல்ல. நான் கணக்குப் போட்டுத்தான் செஞ்சேன். அவனுக்குன்னு மூணு விழும், என்னோடது பத்து, ஆக பதிமூணு. தைஸ்தோ பதினாறுல ஜெயிப்பார், கொஞ்சம் பயந்து போய் லிஃப்டுல இருக்குற அறிவிப்பக் கிழிப்பார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. பி படிக்கட்டுப் பல் டாக்டரும் சும்மா பயங்காட்டத்தான் யார்க்கோவுக்குப் போட்டாராம். இத முன்னாடியே ஒருத்தருக்கொருத்தர் சொல்லித் தொலைச்சிருக்கலாம், இந்த ஊர்ல எவன் வாயத் தொறக்குறான்?

அட, உள்ள போயிட்டியா? தாழ்ப்பாளா போடுற? சரி, போட்டுக்க. நான் இங்கேருந்தே சொல்றேன், கதவு மெல்லிசுதான்.

அடுத்த வியாழக்கிழமை மறுபடியும் தேர்தல் வச்சிருக்கோம். நீ புது ஆளு, கூட்டம் கீட்டம்னு அலைய வேணாம். கடுதாசி எழுதியே கொண்டாந்துட்டேன், உன் பூட்ஸுமேல வச்சிருக்கேன், கையெழுத்து மட்டும் போட்டுடு. பக்கத்துல ஒரு பாட்டில் ஜாம், எந்தப் பழம்னு தெரியல. தைஸ்தோ இனிமே நிக்கமாட்டாராம், ஏரியில பனிய ஒடச்சு நிம்மதியா மீன் புடிச்சிக்கிட்டிருக்கார். பி படிக்கட்டு ஒஸ்மோ நிக்கிறான். சானாவையே இடிச்சிட்டு சைக்கிள் நிறுத்த இடம் கட்டுறேங்கிறான், அப்பறம் யாருக்கும் சண்டையே வராதுங்கிறான்.

என்னது? கல்லுமேல நல்லா தண்ணி ஊத்து, சுர்ருன்னு சத்தமே வரல. இல்லம்மா, அவன் எங்க ஜெயிக்கப் போறான்? யார்க்கோவுக்குக் கொஞ்சம் பயம் வரட்டுமேன்னுதான் ஒஸ்மோவுக்குப் போடப்போறேன். அவனுக்குன்னு ரெண்டு மூணு ஓட்டுக்கு மேல விழாது, நான் நல்லா எண்ணிப் பாத்துட்டேன்.